பலகையில் உள்ள தேதியைப் பாருங்கள்!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய பேச்சு)

தோழர்களே!

இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது ஒரு நோட்டீஸ் பலகையைப் பற்றி. "இதற்காகவா எங்களை ஷிப்டு முடிந்த கையோடு கூப்பிட்டீர்கள்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பலகையில் உங்கள் பணம் இருக்கிறது.

மில் வாசலில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா? போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறோம். நின்று அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். மூன்று கை! அதில் ஒன்று சங்கச் செயலாளருடையது. அவர் படிக்காமல் இருந்தால் விடுவோமா?

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நாங்களும் அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன்னால், பழைய சட்டங்கள் அமலில் இருந்த நாளில், ஒரு நூற்பாலையில் காண்டிராக்ட் ஆட்களுக்குக் கூலி குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று புகார் வந்தது. பலகையில் இன்ஸ்பெக்டரின் பெயரும் விலாசமும் இருந்தன. அதைப் பார்த்து எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் மனு அனுப்பினோம். இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் பார்க்கட்டும், அப்புறம் பாக்கிக்கு மனுப் போடலாம் என்று காத்திருந்தோம். மூன்று வாரம் கழித்து எங்கள் தபால் எங்களிடமே திரும்பி வந்தது. அந்த ஆபீஸ் எப்போதோ வேறு கட்டிடத்துக்குப் போய்விட்டது. பலகையில் பெயர் இருந்த அதிகாரியோ பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்!

குறைந்தபட்சக் கூலிப் பாக்கி கேட்க அன்றைய சட்டத்தில் ஆறு மாத வரம்பு. நாங்கள் தபாலுக்குக் காத்திருந்த நாட்களில் முதல் வாரங்களின் பாக்கி வரம்பைத் தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கும்படி கேட்டோம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. அந்தக் காண்டிராக்ட் ஆட்களின் வீட்டுக்குப் போய், "உங்கள் பணத்தில் இவ்வளவு போயிற்று" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாசல்களில் நின்றது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. அதே மில்லில் வைண்டிங்கில் வேலை செய்த ஓர் அக்கா சூபர்வைசரிடம் போய், "கூலி ஏன் குறைகிறது?" என்று கேட்டார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போர்டில் போட்டிருக்கிறபடிதான் கொடுக்கிறோம். சந்தேகமிருந்தால் போய்ப் பார்." அக்கா போய்ப் பார்த்தார். பலகையில் இருந்த தொகையும் கையில் வந்த தொகையும் சரியாகவே இருந்தன! வேறொருவராக இருந்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். அக்கா அந்தத் தாளின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். இரண்டு ஏப்ரல்களுக்கு முந்திய தாள் அது.

ஏப்ரலுக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் மாநிலத்துக் குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் அடிப்படைக் கூலி ஒன்று, பஞ்சப்படி ஒன்று என்று இரண்டு உண்டு. அடிப்படைக் கூலி அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறும். பஞ்சப்படியோ விலைவாசிப் புள்ளியோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மாறுவது. ஆகவே போன ஆண்டுத் தாள் இந்த ஆண்டு தொங்கினால், பஞ்சப்படியின் உயர்வை யாரோ சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். நாளொன்றுக்கு 18 ரூபாய் குறைகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீயும் வடையும்தானே என்று தோன்றும். மாதம் 26 நாளைக்கு 468 ரூபாய். ஆண்டுக்கு 5,616 ரூபாய். 200 பேர் வேலை செய்யும் இடத்தில் 11,23,200 ரூபாய்! பதினோரு லட்சத்தைச் சேமித்துக் கொடுக்கும் தாளை மாற்ற எந்த முதலாளிக்கு மனம் வரும்?

பழைய தாள் மறதியால் தொங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பலகையே இல்லாவிட்டால் தொழிலாளி பத்துப் பேரை விசாரிப்பான். பழைய பலகை இருந்தால் அதை நம்பிப் பேசாமல் போய்விடுவான். மறதி என்று சொல்கிறார்களே, மில்லில் நூல் விலை மாறினால் எந்த மானேஜராவது மறக்கிறாரா?

1844ல் இங்கிலாந்தில் வந்த பேக்டரி சட்டத்தைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், சாப்பாட்டு நேரம் எது என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆலையில் தொங்கவிட வேண்டும், நேரத்தை ஊர்ப் பொதுக் கடிகாரம் ஒன்றைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. ஏன் பொதுக் கடிகாரம்? முதலாளியின் கடிகாரம் காலையில் வேகமாகவும் மாலையில் மெதுவாகவும் ஓடியது. இன்று மில் வாசலில் மாட்டியது மாட்டியபடி மஞ்சளடித்துக் கிடக்கும் தாளும் அந்த மாதிரிக் கடிகாரந்தான்.

நம் நாட்டில் 1948 பேக்டரி சட்டம், சட்டத்தின் சுருக்கத்தையும் இன்ஸ்பெக்டரின் பெயர் விலாசத்தையும் பிரதான வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, சுத்தமாகவும் படிக்கக்கூடிய நிலையிலும் வைக்க வேண்டும் என்று சொல்லிற்று. ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1936ன் கூலிப் பட்டுவாடாச் சட்டமும் 1948ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இதே போல அறிவிப்புக் கேட்டன.

இவை இப்போது போய்விட்டன. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொகுப்புகளால் நாம் இழந்தது என்ன என்பது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய சங்கதி. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். நிலையாணைகள் 100 பேர் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் என்றிருந்தது, இப்போது 300 பேர் என்று ஆகிவிட்டது. 150 பேர் வேலை செய்யும் மில்லில் எது குற்றம், எதற்கு என்ன தண்டனை என்று சான்று பெற்ற நிலையாணையைச் சுவரில் மாட்டும் கட்டாயம் அதோடு போயிற்று.

பலகை மட்டும் போகவில்லை! 2019ல் நிறைவேறிய கூலித் தொகுப்பின் 50வது பிரிவைக் கேளுங்கள். சட்டத்தின் சுருக்கம், எந்தப் பிரிவு ஆளுக்கு என்ன கூலி, எத்தனை நாளுக்கு ஒருமுறை கூலி, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பட்டுவாடா, அதிகாரியின் பெயர், விலாசம், இவ்வளவும் எடுப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பெட்டிக்குள் இன்னும் 1948 சட்டத்தின் சுருக்கம் மட்டும் தொங்கினால், அந்தப் பலகை செத்துப்போன பலகை. புதிய தாள் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இங்கே ஒரு சூழ்ச்சி வரும், எச்சரிக்கையாக இருங்கள். "பழைய சட்டமே ரத்தாகிவிட்டது, அதன் கீழ் வந்த கூலி அறிவிப்பும் ரத்து" என்று எந்த முதலாளியாவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாத பழைய அறிவிப்புகள் தொடர்ந்து செல்லும் என்று அந்தத் தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது. புதிய அறிவிப்பு வரும்வரை பழைய அறிவிப்பின் கூலிதான் அடித்தளம்.

இன்ஸ்பெக்டருக்கும் பெயர் மாற்றிவிட்டார்கள். இப்போது அவர் வெறும் ஆய்வாளர் இல்லை, 'ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவரும்'. யாருக்கு வசதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பலகை போடாத குற்றத்துக்கு எடுத்த எடுப்பில் வழக்குக் கிடையாது. இதைச் சரி செய் என்று முதலில் எழுத்து மூலம் கால அவகாசம் கொடுக்க வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டுக்குள் அதே குற்றத்தைத் திரும்பச் செய்தால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே முதல் புகாரை எழுத்தில் பதிவு செய்வது அவசியம். "அவகாசம்தானே கொடுக்கப் போகிறார்கள், எதற்கு எழுதுவது?" என்று விட்டுவிட்டால், அடுத்த முறையும் அது முதல் குற்றமாகவே இருக்கும். பாக்கிக்கு மனுப் போடும் வரம்பு மட்டும் இப்போது மூன்று ஆண்டு. கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பாரமும் முதலாளி மேல்தான். கெட்டதிலும் கிடைத்ததை விடக் கூடாது.

பெண் தோழர்கள் இன்னொரு தாளைத் தேட வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் இன்றும் அமலில் உள்ளது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்விசாரணைக் குழு அமைக்க வேண்டும், அந்த உத்தரவையும் தொல்லை கொடுத்தால் வரும் தண்டனையையும் எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. தாளில் உள்ள தேதிக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டதா, அதில் தலைவி என்று போட்டிருப்பவர் மில்லில் இன்னும் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலையை விட்டுப் போய்விட்ட அம்மாளிடம் இரவு ஷிப்டுப் பெண் போய் என்ன முறையிடுவாள்?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று நம் நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் நம் பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். தமிழ்ப் பலகை அவர்களுக்கு வெறும் சுவர். "அவர்கள் வந்துதான் நம் கூலி குறைந்தது" என்று சில தோழர்கள் பேசுகிறார்கள். அவன் கூலியைக் குறைத்தது அவனா? அவனுக்குத் தெரியாத எழுத்தில் கூலியை எழுதி வைத்தவன் அல்லவா? பலகையில் உள்ள எண்ணை நீங்கள் விரல் வைத்துக் காட்டினால் போதும். எண்ணுக்கு மொழி கிடையாது.

இனி வயலுக்கு வருவோம். மில் தோழர்களே, எழுந்து போய்விடாதீர்கள். உங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா இன்னும் நாற்றங்காலில்தான் நிற்கிறார்கள்.

வயலுக்கு வாசல் ஏது, பலகை மாட்டச் சுவர் ஏது? 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் அது எந்த வரப்பிலும் தொங்கவில்லை. இப்போதைய கூலித் தொகுப்போ, விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேற்படாமல் ஆள் வைப்பவருக்குப் பலகையும் பதிவேடும் கூலிச் சீட்டும் வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. நடவுக்கு இருபது பெண்கள் இறங்கிய வயலிலும், "எனக்கு ஆள் ஐந்துதான், மற்றவர்கள் கொத்து ஆட்கள்" என்று நிலக்காரர் சொல்லப் பார்ப்பார். நன்றாகக் கேளுங்கள்: விலக்கு பலகைக்குத்தான், கூலிக்கு இல்லை. ஐந்து பேர் வைத்தாலும் ஒருவரை வைத்தாலும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான ருசுவும் காட்ட வேண்டும்.

அவர்கள் மாட்டாவிட்டால் நாம் எழுதுவோம் என்று ஒரு கிராமத்தில் தோழர்கள் முடிவு செய்தார்கள். படிப்பகச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, காவியால் சர்க்கார் கூலியையும் அறிவிப்பின் தேதியையும் எழுதினோம். சாயந்திரம் நடவு முடித்து வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். வயதான ஓர் அம்மா, படிக்கத் தெரியாதவர், பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார். "இது ஆம்பிளை ஆளுக் கூலி. பொம்பிளை ஆளுக்கு எவ்வளவுன்னு எழுதாம விட்டுட்டீங்களே, தம்பி?" என்றார்.

தோழர்களே, நாங்கள் விடவில்லை! அரசாணையில் ஒரே எண்தான் இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆண் பெண் கூலியில் பேதம் கூடாது என்பது 1976லேயே சட்டமாக வந்துவிட்டது, புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது தெரிந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எங்காத்தா காலத்திலேருந்து இப்படியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் நடவுக்கு இறங்குமுன் வரப்பில் நின்று முதலில் பேசியதும் அவர்தான். அந்த ஊரில் கூலி முழுவதும் சமமாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இடைவெளி குறைந்தது. யாரோ ராத்திரியில் சுவரில் சாணியடித்தார்கள், கழுவிவிட்டுத் திரும்ப எழுதினோம்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? இந்தச் சங்க அலுவலக வாசலில் உள்ள கரும்பலகையை வரும்போது பார்த்தோம். போன மே தினக் கூட்டத்தின் அறிவிப்பு இன்னும் அழியாமல் இருக்கிறது! செயலாளர் சிரிக்கிறார். சிரிப்பு இருக்கட்டும், இன்று இரவே அதை அழித்தாக வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷிப்டிலும் இருவர், வெளியே வரும்போது பலகையைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். தாளின் அடியில் உள்ள தேதி தெளிவாக விழ வேண்டும். பெட்டி பூட்டியிருந்தால், வெயில் பட்டு எழுத்து மங்கியிருந்தால், அதையும் அப்படியே பிடியுங்கள். வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் காண்டிராக்ட் ஆள்தான், அவர் கூலியும் அந்தப் பலகையில் இருக்க வேண்டியதுதான். படங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே சேர்த்துவிட்டால், திங்கட்கிழமை மனு எழுதிவிடலாம். அதிகாரியின் விலாசத்தைப் பலகையைப் பார்த்து எழுத மாட்டோம். இந்தத் தடவை ஆபீசுக்கே ஆள் போய்க் கேட்டு வரும். நடவு ஆட்களின் ஊர்களுக்கு வேண்டிய சுண்ணாம்பும் காவியும் பின்கட்டில் இருக்கின்றன. ஒரிய மொழியில் எழுதிக் கொடுக்க கார்டிங்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சம்மதித்திருக்கிறார். அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரோடு பேசிவிட்டுப் போங்கள்.