சத்திரசிகிச்சையும் இரத்தக்கட்டியும்
(நமது சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம்மவரொருவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தால், மந்திகை வைத்தியசாலையிலே உறவினர் கூடிவிடுவோம். "அசையாமற் படுத்திருங்கோ" என்பதே நாம் சொல்லும் முதல் ஆறுதல். அன்பினாற் சொல்லுகின்றோம். ஆயின், அவ்வன்பே சிலவேளை ஆபத்துக்கு வழியாகும் என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலும் 1867இல் தமிழில் வெளிவந்தது. ஆகவே இதனையும் தமிழிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

இரத்தம் நாளத்துள் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் தளர்தல், நாளத்தின் சுவர் பழுதடைதல், இரத்தத்தின் உறையுந்தன்மை மிகுதல். சத்திரசிகிச்சையின்போது இம்மூன்றும் ஒருங்கே நேரலாம். நாம் நடக்கும்போது கெண்டைக்காற் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாது கிடந்தால் அது தேங்குகின்றது. காலில் உறைந்த கட்டி பெயர்ந்து சென்று சுவாசப்பையின் நாடியை அடைக்கும் என்பதை விர்கோ என்னும் ஜேர்மானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டினார். பெரிய கட்டியாயின் உயிர் போதலும் கூடும்.

இதனைத் தடுக்க இயலுமா? இயலும். இலண்டனிற் பணியாற்றிய இந்திய வம்சத்தவரான கக்கார் என்னும் சத்திரவைத்தியரின் தலைமையிற் பல நாடுகளில் நடந்த ஆய்வு 1975இல் வெளியாயிற்று. 4121 நோயாளரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறிய அளவில் ஹெப்பரின் ஊசி ஏற்றப்பட்டது. சுவாசப்பை அடைபட்டு இறந்தோர், மருந்து பெறாதவரில் 16 பேர். பெற்றவரில் 2 பேரே! ஆயினும் அம்மருந்து இரத்தப்போக்கை மிகுவிக்கக்கூடும். ஆதலால் யாருக்கு வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பர்.

நாம் செய்யவேண்டியது என்ன? முன்பு இரத்தக்கட்டி வந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும் இருந்ததா, கருத்தடை மாத்திரை முதலாய மருந்துகள் எடுக்கின்றோமா என்பவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மறையாது சொல்லவேண்டும். பின்னர், வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்கவேண்டும். அதுவரை படுக்கையிலே பாதங்களை மேலும் கீழும் அசைக்கலாம். ஒரு கால் வீங்கி நொந்தால் எண்ணெய் பூசி உருவற்க. உடனே வைத்தியரிடம் காட்டுக. திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு நொந்தாலோ ஒரு கணமும் தாமதித்தலாகாது. வீடு திரும்பிய பின்னரும் சில வாரங்களுக்கு இவ்வாபத்து உண்டு என்பதை மறவாதிருப்போம்.

ஆகவே அன்பர்களே, "படுத்திருங்கோ" என்று சொல்லிய நாம், இனி வைத்தியரைக் கேட்டறிந்து, "எழும்பி நடவுங்கோ" என்று கைகொடுப்போமாக.