மிஞ்சிய காய்கறி வீடு தேடி வந்தால்

சந்தையில் விலைபோகாமல் மிஞ்சும் காய்கறிகளைப் பெட்டியில் நிரப்பி, குறைந்த விலைக்கு வீட்டு வாசலிலேயே சேர்க்கும் முறை ஒன்று பரவி வருகிறது. அது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், நல்ல காய் எப்படி மிஞ்சுகிறது? பத்துமலை வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் செலாயாங் மொத்தச் சந்தை தெரிந்த இடம்தான். கேமரன் மலையில் பறித்த முட்டைக்கோசும் தக்காளியும் சாவிக் கீரையும் லோரியில் அங்கே வந்து இறங்குகின்றன. வாங்கும் கடைக்காரர் ஒரே அளவாக, ஒரே நிறமாகக் கேட்கிறார். கோணல் வெள்ளரி, சிறுத்த கேரட், மேல் இலை கிழிந்த கோஸ் எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. வரத்து கூடிய நாளில் குறையில்லாத காயும் தேங்கிவிடுகிறது.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உணவகங்களில் அமர்ந்து உண்பது நிறுத்தப்பட்டது; இரவுச் சந்தைகள் மூடப்பட்டன. கேமரன் மலை விவசாயிகள் விளைந்த காய்கறிகளை டன் கணக்கில் கொட்டினார்கள். அதே வேளையில் நகரத்து வீடுகளில் காய்கறி கிடைக்காமல் திண்டாடினார்கள். மலைக் காய்களை நேரே வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடுகள் அப்போது பலருக்கும் அறிமுகமாயின.

மிஞ்சியதைத் தானமாகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ‘தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட்’ என்னும் அமைப்பு செலாயாங் சந்தையில் மிஞ்சும் காய்கறிகளைத் திரட்டி அறநிலையங்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறது. உணவைத் தானம் செய்பவர்களுக்குப் பாதுகாப்பளிக்க 2020இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

நாங்கள் பார்த்தது விலைக்கு வரும் பெட்டியை. பத்துமலைப் பக்கம் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கும் நான்கு குடும்பத்தார் சேர்ந்து, நான்கு வாரம் அதை வரவழைத்தோம். எந்தக் காய் வரும் என்பது நம் விருப்பத்தில் இல்லை. ஒரு வாரம் முள்ளங்கியும் கோசும் குவிந்தன. மறு வாரம் கத்தரிக்காயும் பாகற்காயும் வந்தன. ஒரு வீடு மட்டும் வாங்கினால், கொண்டு வரும் கூலியே மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. நான்கு வீடு பங்கிட்டபோதுதான் கணக்கு நமக்குச் சாதகமாக வந்தது.

தாய்மார்களே, இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உலகம் முழுவதும் 2022இல் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. மலிவென்று வாங்கிய பெட்டி நம் வீட்டில் வாடிப் போனால், சந்தைக் குப்பை நம் குப்பைத் தொட்டிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். காசும் போயிற்று. கோலாலம்பூர்க் குப்பை போய்ச் சேரும் புக்கிட் தாகார் நிலத்தில், அழுகும் குப்பையிலிருந்து எழும் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் விளைவித்தவர் உழைப்பும் தண்ணீரும் உரமும் திரும்பி வருமா?

ஆகவே பெட்டி வந்ததும் பிரித்து வையுங்கள். கீரை வகைகளை முதல் இரண்டு நாளில் சமையுங்கள். கத்தரி, பயற்றங்காய் அடுத்து. கோஸ், பூசணி கடைசி. முள்ளங்கி இலையைப் பொரியல் செய்யலாம். காலிஃபிளவர் தண்டைச் சாம்பாரில் போடலாம். பழுக்காத தக்காளி துவையலுக்கு உதவும். இன்று என்ன குழம்பு என்று முடிவு செய்துவிட்டுக் காய் தேடுவதை விட்டு, இருக்கும் காய்க்கு ஏற்ற குழம்பு வைப்பதே இதன் சூட்சுமம்.

கோணல் வேறு, அழுகல் வேறு. பூஞ்சை பிடித்த காயையும், பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கையும் தயங்காமல் ஒதுக்குங்கள். இரவுச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் மறவாதீர்கள். கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை விலை தெரியும்.

வண்டி வராத தோட்டங்களில் என்ன செய்யலாம்? லயத்தில் நாலைந்து வீடுகள் சேர்ந்து, சந்தை முடியும் நேரத்தில் வியாபாரியிடம் ஒரு கூடையை மொத்தமாகப் பேசி வாங்கிப் பங்கிடலாம். போர்த்துகலின் லிஸ்பன் நகரில் 2013இல் தொடங்கிய ‘ஃபுருட்டா ஃபெயா’ என்னும் கூட்டுறவு அமைப்பு, அழகில்லாத காய்கனிகளை விவசாயிகளிடம் வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. கூட்டுறவு நமக்குப் புதிதா என்ன? 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் முன்னோர். ஒரு பெட்டிக் காய்கறியைப் பங்கிட்டுக் கொள்வது நமக்குக் கடினமாகாது.