மருந்தாய்வுக்கு ஏன் ஒரு மேலாளர்?
(சேலத்தில் நடந்த நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"மருத்துவர்கள் இருக்கிறார்களே, மருந்தாய்வுக்குத் தனியாக அனுபவமுள்ள மேலாளர் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். காணிக்கை கொடுத்தவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான்.

1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது, அதை நடத்த இங்கிலாந்திலிருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். 193 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் சிகிச்சை; யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. பணியாளர்கள் சொல்லாமல் வீடுகளுக்குப் போய், சிறுநீரைச் சோதித்து, மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. அந்தக் கண்காணிப்பு இல்லாவிட்டால் உலகம் அதை நம்பியிராது.

நம் பகுதியைப் பாருங்கள். நாமக்கல் லாரி ஓட்டுநர் வடக்கே போனால் பரிசோதனை நாள் தவறும். சேலத்துத் தறித் தொழிலாளி மருத்துவமனைக்கு வந்தால் ஒருநாள் கூலி போகும். அவர்களைத் தேடிப்போக வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் புரியும்படி விளக்க வேண்டும். யாருக்காவது கடும் பாதிப்பு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் அறிவிக்க வேண்டும். அவர் அறுவை அரங்கில் நின்றாலும் கெடு நிற்காது. இவை தவறாமல் நடக்கப் பார்த்துக்கொள்பவரே மேலாளர்.

புதியவர் வேலை பழகுவதற்கு நோயாளிகள் விலை கொடுக்கக் கூடாது. ஆகையால் அனுபவமுள்ளவரைத் தேடுகிறோம். தகுதியானவரை அறிந்திருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவருடைய சம்பளத்தையும் அன்போடு தாங்குங்கள்.