பெட்டியும் தொடரும்

(லோதி ரோட்டில் நடைபெற்ற நம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதித் தேர்வு மட்டுமே தேறிய இரயில்வே எழுத்தர் யாம். பொறியியலைப் பற்றிப் பேச எமக்கென்ன தகுதி என நீங்கள் வினவலாம். எனினும், நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பொறியாளராகித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம்.

தொழிற்சாலை எண்ணிக்கையைப் போற்றுவது. இன்று எத்தனை பெட்டிகள் முடிந்தன என்பதே அங்குக் கேள்வி. உறுப்புகள் யாவும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்குமா என முன்கூட்டியே ஆராய்பவரிடம் எண்ணிக் காட்ட ஒன்றும் இராது. அவ்வாராய்ச்சியையே அமைப்புப் பொறியியல் என்பர்.

சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பெற்ற இரயில்பெட்டித் தொழிற்சாலையை நாம் அறிவோம். அங்கு 2018இல் உருவான 'டிரெயின் 18', 16 பெட்டிகள் கொண்ட ஒரே தொடர். அதற்குத் தனி எஞ்சின் இல்லை. இழுவிசை பெட்டிகளிடையே பகிர்ந்து வைக்கப்பெற்றது. கதவுகள் மூடினாலன்றி அது புறப்படாது. கதவு செய்பவர் தம் கதவு நன்று என்பார். மோட்டார் செய்பவர் தம் மோட்டார் நன்று என்பார். திறந்த கதவுடன் வண்டி நகர்ந்து ஒரு குழந்தை விழுமாயின் என் செய்வது? இக்கேள்வி இருவருக்கும் இடையில் நிற்பது. அதனை ஒருவர் தம் கடமையாக ஏற்றல் வேண்டும். அத்தொடரே 2019 பிப்ரவரி 15 அன்று, 'வந்தே பாரத்' என்னும் பெயருடன் புதுடில்லியிலிருந்து வாராணசிக்குப் புறப்பட்டது.

இவ்வேலையின் பயனை மேலாளர்க்கு எங்ஙனம் உணர்த்துவது? எம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். ஓர் அலுவலகத்தில், கைம்பெண் ஒருவரின் ஓய்வூதியக் கோப்பு ஏழு திங்கள் முடங்கிக் கிடந்தது. மூன்று மேசைகளின் பதிவேடுகளிலும் நிலுவை இல்லை என்றே இருந்தது. மேசைக்கு மேசை செல்லும் நாட்கள் எவர் கணக்கிலும் இல்லை. ஒருங்கிணைப்பு வேண்டுமெனப் பன்முறை கூறினோம், பயனில்லை. பின்னர், கோப்பு சென்ற வழியை ஒரே தாளில் வரைந்து, நாட்களைக் குறித்து, அதிகாரியின் முன் வைத்தோம். வேலை நடந்தது 9 நாட்கள். காத்திருந்தது 200 நாட்கள். அன்று மாலையே ஆணை கையெழுத்தாயிற்று.

ஆதலின் பிள்ளைகளே, பெரிய சொற்களால் வாதிடாதீர்கள். தொழிற்சாலை அறிந்த மொழி நாளும் பணமும் ஆகும். பொருந்தாமையால் பிரித்துப் பூட்டிய வேலை எவ்வளவு, வீணான நாட்கள் எத்தனை என்பதை ஒரு தாளில் காட்டுங்கள். சிறிய இணைப்பு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். விபத்து நேராத நாளில் உங்களை எவரும் பாராட்டார். அதற்காக அவ்வேலையைக் கைவிடாதீர்கள்.