பழைய லாப்டாப்பும் ஒரு பென் டிரைவும்
(உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. எங்காத்துப் பழைய லாப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை. "எடைக்குப் போட்டுடுங்கோ" என்றாள் என் மனைவி. எனக்கு மனசு வரவில்லை.

லினக்ஸ் மின்ட் இலவசம். அதன் ஐ.எஸ்.ஓ. ஃபைல் ஏறக்குறைய 3 ஜி.பி. சும்மா காப்பி செய்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பாது. எட்சர் போன்ற ஒரு புரோகிராமால் பென் டிரைவில் எழுத வேண்டும். 8 ஜி.பி. தாராளம்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு கிடந்தன. ஒன்றில், காலஞ்சென்ற அப்பா என் தங்கை சீமந்தத்தில் பேசிய பேச்சு. வேறு பிரதி கிடையாது. பத்து நிமிஷத்தில் போயிற்று. தங்கையிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. "போகட்டும் அண்ணா" என்று போனை வைத்துவிட்டாள்.

பிறகு, லாப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தேன். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடிற்று. இன்ஸ்டால் கொடுக்கும்வரை ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும். விண்டோஸ் கிளம்பாத மிஷினில்கூட, டிஸ்க் பூட்டப்படாமலிருந்தால், போட்டோக்களை இப்படி வெளியே எடுத்துவிடலாம்.

லாப்டாப்பைக் கொண்டுவந்திருக்கிறேன்; டிபனுக்குப் பின் பார்க்கலாம். பென் டிரைவ் தருபவர்கள், அதில் என்ன இருக்கிறதென்று முதலில் சொல்லிவிடுங்கள்.