இதயக் கயிறு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



முக்கோணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசைத் தம்பியர் சிலர் நெளிவதைக் காண்கிறோம். "கணக்கு நமக்கு வராது" என்று பத்தாம் வகுப்போடு அதைக் கைவிட்டோர் நம் தெருக்களில் பலர். அச்சொல் நமது சொல் அன்று. நம்மிடம் பிறர் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொல். யாம் எட்டாம் வகுப்பில் கவராயம் இன்றிச் சென்றபொழுது, ஆசிரியர் ஒருவர் அதனையே கூறி எம்மை வெளியே நிறுத்தினார். அன்று மாலையே, மாடு கட்டும் கயிற்றையும் முளைக்குச்சிகளையும் கொண்டு களத்து மண்ணில் அக்கணக்கைப் போட்டோம்.

ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு வட்டந்தான் செல்லும். அதுவே முக்கோணத்தின் சுற்றுவட்டம். ஒரு பக்கத்தின் பாதியினும் நீண்ட கயிற்றால் அதன் இரு முனைகளிலிருந்தும் வில் வரைந்து, அவை வெட்டும் இரு புள்ளிகளையும் இணைத்தால் மையக்குத்துக்கோடு கிடைக்கும். அதன்மேல் எங்கு நின்றாலும் அவ்விரு முனைகளும் சமதூரம். மற்றொரு பக்கத்திற்கும் இவ்வாறே செய்க. கோடுகள் சந்திக்குமிடம் வட்டத்தின் மையம். யூக்ளிடின் நான்காம் நூலில் இம்முறை உள்ளது.

ஆரம் எவ்வளவு? கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் விடை தருகிறது. ஓர் உச்சியில் கூடும் இரு பக்கங்களைப் பெருக்கி, அவ்வுச்சியிலிருந்து இறங்கும் குத்துயரத்தின் இருமடங்கால் வகுக்க. பக்கங்கள் 13, 14, 15 அடி எனில், 14 அடிப் பக்கத்திற்குக் குத்துயரம் 12 அடி. 13-ஐ 15-ஆல் பெருக்க 195. அதனை 24-ஆல் வகுக்க 8 அடி ஒன்றரை அங்குலம். இவ்வாரத்திற்கு அவர் இட்ட பெயர் 'ஹிருதய ரஜ்ஜு', அதாவது இதயக் கயிறு! அந்நூலின் மொழியை ஓத நம் முன்னோர்க்கு இடமில்லை. கயிறு மட்டும் அவர்கள் கையில் என்றும் இருந்தது.

ஓர் எச்சரிக்கை. மூன்று தெருக்களுக்கும் சமதூரத்தில் குழாய் வைக்கிறோம் என்று எவரேனும் வரைபடம் காட்டினால், உடனே தலையசைத்துவிடாதீர்கள். தெருக்களின் இடைத்தூரம் 500, 500, 800 மீட்டர் என்று கொள்வோம். இது விரிகோண முக்கோணம். மையம் வெளியே விழும். ஆரம் ஏறத்தாழ 417 மீட்டர். 800 மீட்டர்ப் பக்கத்தின் நடுவில் வைத்தாலோ, இரு தெருவினர்க்கு 400, மூன்றாந் தெருவினர்க்கு 300. சமதூரம் என்ற பெயரால் மூவரும் குடத்தோடு கூடுதலாக நடப்பானேன்? இதைக் கேட்கவேனும் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்புறத் திடலில் கயிறும் முளைகளும் இருக்கும். பெண்பிள்ளைகள் முதலில் வரவேண்டுகிறோம்.