சாத்தந்தையும் ஆந்தையும்: கொங்குக் கூட்டப் பெயர்கள்

 

ஜெர்மனிக்குப் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வெபர், ஷ்னைடர் என்ற குடும்பப் பெயர்கள் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். முன்னது நெசவாளரையும் பின்னது தையற்காரரையும் குறிக்கும். அந்நாட்டில் மிகப் பரவலான ஐந்து குடும்பப் பெயர்களுள் இவை இரண்டும் உண்டு. நாமோ பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு வருகிறோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டையொட்டிச் சாதிப் பட்டங்களை உதறத் தொடங்கிய மண் இது; அது நல்ல காரியம். ஆனால் குடும்பப் பெயரே நமக்கு இருந்ததில்லை என்பது சரியல்ல.

கொங்கு வேளாளரிடையே பெண் கேட்டுப் போனால் ஜாதகத்துக்கு முன்பே "நீங்க என்ன கூட்டமுங்க?" என்ற கேள்வி வரும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தீரன் சின்னமலை பயிரன் கூட்டம். கலைக்களஞ்சியத்தை உருவாக்கிய பெரியசாமித் தூரன் தம் கூட்டப் பெயரையே இலக்கியப் பெயராக்கிக்கொண்டார். மரபாக அறுபது கூட்டம் என்பார்கள். ஊர் ஊராகத் தொகுத்த பட்டியல்கள் அதைத் தாண்டும். கோவை முதல் கரூர், நாமக்கல் வரை ஒரு கூட்டம் எப்படிப் பரவியது என்பதை அதன் காணியூர்களையும் குலதெய்வக் கோயில்களையும் வைத்துத் தொடரலாம்.

இனி ஆந்தை கூட்டம். பறவைப் பெயர் என்றே பலரும் நம்புகிறார்கள். காடைக் கூட்டத்துக்கு அது பொருந்தலாம். ஆந்தைக்கு வேறு விளக்கத்தைத் தொல்காப்பியம் தருகிறது. ஆதன் என்ற மகனின் தந்தை ஆந்தை. பூதனின் தந்தை பூந்தை. இப்படிப் பெயர் குறுகுவதற்கு எழுத்ததிகாரத்தில் விதியே இருக்கிறது. சாத்தனின் தந்தை சாத்தந்தை ஆவதும் அதையொட்டியதே. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர் விட்ட பிசிராந்தையார் பெயரிலும் இந்த ஆந்தைதான். ஜெர்மனியின் வடக்கே ஹான்சன் என்றால் ஹான்ஸின் மகன். அங்கே மகன் தந்தையால் அறியப்பட்டான். இங்கே தந்தை மகனால் அறியப்பட்டார். சாத்தந்தை, ஆந்தை, பூந்தை மூன்றும் இன்றும் கூட்டப் பெயர்களாக வழங்குகின்றன. ஆந்தையைப் பற்றிய பறவைக் கதைகள், தந்தை என்ற பொருள் மறந்துபோன பிறகு முளைத்தவை என்பதே என் முடிவு. நம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் ஆதன், கண்ணன் போன்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. இவை இம்மண்ணில் எவ்வளவு பழைய ஆட்பெயர்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆட்பெயர் கூட்டப் பெயராக நிலைத்ததைக் காட்டுபவை கொங்குக் கல்வெட்டுகள். கொடையாளியைச் 'சாத்தந்தைகளில் இன்னான்' என்ற முறையில் அவை குறிக்கின்றன. இவற்றைக் கோயில் கோயிலாகப் படியெடுத்துப் பதிப்பித்தவர்களில் ஈரோட்டுப் புலவர் செ. இராசுவுக்குக் கொங்கு நாடு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கற்கள் ஒரு சாதியின் பெருமைக்கு மட்டும் உரியவை அல்ல. வேட்டுவர், செங்குந்தர், தேவாங்கர் என இவ்வட்டாரத்துப் பிற சமூகங்களுக்கும் குலப்பெயர்களும் குலதெய்வங்களும் உண்டு. அவற்றையும் இதே அக்கறையோடு தொகுக்க வேண்டும்.

பனியன் தொழிலில் ஈட்டிய பணத்தைக் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் ஊர் இது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குலதெய்வக் கோயிலில் மணல் வீச்சு இயந்திரத்தால் கல்லைச் சுத்தம் செய்ய விடாதீர்கள், எழுத்து தேய்ந்துபோகும். கல்லைப் பெயர்ப்பதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் முன்னால் ஒரு கல்வெட்டாய்வாளரை அழைத்துப் படியெடுக்கச் செய்யுங்கள். அதன் செலவையும் திருப்பணிக் கணக்கிலேயே சேருங்கள்.